மருந்து அடிக்கிற தம்பியின் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது?

கேள்வி: நாங்கள் மணலி புதுநகரில் இருக்கிறோம். என் தம்பிக்கு 27 வயது. மீஞ்சூர், சோழவரம் பக்கம் நெல் வயல்களிலும் கீரைத் தோட்டங்களிலும் டேங்க் கணக்கில் கூலிக்கு மருந்து அடிக்கிறான். சம்பா பருவத்தில் தொடர்ந்து வேலை இருக்கும். அந்த நாட்களில் சாயங்காலம் தலைவலி, குமட்டல் என்கிறான். மருந்துக்கடைக்காரர் "மாஸ்க் போட்டால் போதும்" என்கிறார். ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் பார்த்தோம், நார்மல் என்று வந்துவிட்டது. அப்படியென்றால் பயமில்லையா? அவன் உடம்பில் எவ்வளவு மருந்து போகிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? நானும் வாரத்தில் சில நாள் கீரை பறிக்கப் போகிறேன்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். கணக்குக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். தலைவலி, குமட்டல் வெயிலாலும் வரும். ஆனால் மருந்து அடித்த அன்று கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்குவது, பார்வை மங்குவது, எச்சில் ஊறிக்கொண்டே இருப்பது, சதை துடிப்பது, நெஞ்சு இறுகி மூச்சு வாங்குவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். துணியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் உடம்பைக் கழுவி, 108-ஐ அழையுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையோ வேறு எதுவோ, எங்கே போனாலும் மருந்து பாட்டிலை, அல்லது அதன் லேபிளைப் படம் பிடித்து, கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரியாமல் மருத்துவர் தடுமாறும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

இனி உங்கள் கேள்வி. மணலியில் இருப்பவர்களுக்கு விஷம் என்றாலே மூக்குதான் ஞாபகம் வரும். சுத்திகரிப்பு ஆலை வாடையும் உரத் தொழிற்சாலை வாடையும் பழகிய ஊர். 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அதனால் கடைக்காரர் மாஸ்க் என்றதும் சரியாகத்தான் சொல்கிறார் என்று படும். திறந்த வயலில் முதுகு டேங்க் வைத்து அடிக்கிறவர் விஷயம் வேறு. அங்கே நாசிலிலிருந்து வரும் துளிகள் பெரும்பாலும் கனமானவை. மூக்குக்குள் போவதைவிட உடம்பின் மேல் விழுவதுதான் பல மடங்கு அதிகம். 1962இல் டர்ஹாம், வுல்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இந்த அளவிடும் முறைகளைத் தொகுத்து எழுதினார்கள். அதற்குப் பின் வந்த கள ஆய்வுகளும் பெரும்பாலும் தோலைத்தான் முதல் வழியாகக் காட்டுகின்றன. மூடிய பசுமைக்குடிலுக்குள் அடிப்பது, தூள் மருந்து தூவுவது, புகைமூட்டம் போடுவது ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மூச்சும் பெரிய வழிதான். தம்பி அடிக்கிற இடத்தில் மாஸ்க் போடுவதில் தவறில்லை, போட்டுவிட்டோம் என்ற நிம்மதிதான் தவறு. அதுவும் வாயைச் சுற்றிக் கட்டிய துண்டு மருந்தில் நனைந்துவிட்டால், நாள் முழுக்க அதை முகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு நடப்பதாகத்தான் அர்த்தம்.

எந்த நேரத்தில் அதிகம் படுகிறது? அடிக்கும்போது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியின் 20 சதவீத மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லிட்டருக்கு 200 கிராம் விஷப்பொருள் இருக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி. கலக்கிறார் என்றால், டேங்கில் இருக்கும் கலவையில் லிட்டருக்கு அரை கிராம்தான். அதாவது பாட்டிலில் இருப்பது டேங்கில் இருப்பதைவிட 400 மடங்கு கடுமை. மூடியில் அளந்து ஊற்றும்போது ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., விரலில் வழிந்தால் 1 கிராம் விஷம் கையில். அதே 1 கிராம் டேங்கிலிருந்து உடம்புக்கு வர வேண்டுமென்றால் 2 லிட்டர் கலவை மேலே கொட்ட வேண்டும். நாள் முழுக்க அடித்தாலும் அவ்வளவு நனைய மாட்டார். ஒவ்வொரு டேங்குக்கும் சில நிமிடம் நடக்கிற அந்தக் கலக்கும் வேலையை யாரும் வேலை என்றே எண்ணுவதில்லை. வெறுங்கையால் கலக்குவதும், குச்சி கிடைக்காவிட்டால் கையையே விட்டுக் கிளறுவதும் அந்த நிமிடங்களில்தான்.

தோலில் பட்டதெல்லாம் உள்ளே போய்விடாது, அதுவும் உண்மை. படுவது ஒரு அளவு, உள்ளே உறிஞ்சப்படுவது இன்னொரு அளவு. குளோர்பைரிபாஸில் தோல் வழியாக உள்ளே போவது ஒன்றிரண்டு சதவீதம்தான் என்று தன்னார்வலர்களிடம் செய்த பழைய ஆய்வு காட்டியது. 1 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 2 மி.லி. மருந்து கையில் தங்கினால் 400 மில்லிகிராம். அதில் 4 மில்லிகிராம் உள்ளே. தம்பி 60 கிலோ இருந்தால், ஐரோப்பாவில் தெளிப்பவர்களுக்கு வைத்திருந்த ஒரு நாள் வரம்பு, அதாவது கிலோவுக்கு 0.001 மில்லிகிராம், அவருக்கு 0.06 மில்லிகிராம் ஆகிறது. 4 என்பது அதைப்போல அறுபது மடங்குக்கும் மேல். பிறகு 2019இல் அங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மருந்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை நிர்ணயிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டது. 2020இல் அனுமதியும் போய்விட்டது. நான் போட்டது தோராயக் கணக்கு. உடனே கழுவினால் இது நன்றாகக் குறையும், கழுவாமல் அப்படியே பீடி பற்றவைத்தால் வாய் வழியாகவும் போகும்.

உடம்பில் எந்த இடத்தில் படுகிறது என்பதும் முக்கியம். 1971இல் மெய்பாக் என்ற தோல் மருத்துவரும் அவர் குழுவினரும் பாரத்தியான் என்ற மருந்தை வைத்து அளந்தார்கள். முன்கையில் வைத்ததில் 9 சதவீதம் அளவுக்கு உள்ளே போனது. உள்ளங்கையில் 12, வயிற்றில் 18, தலையில் 32, நெற்றியில் 36. விரைப்பையில் வைத்தது கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய்விட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொடை நனைய நடந்து, அந்த ஈரத்தோடேயே வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு இதைவிட அவசரமான தகவல் எதுவும் இல்லை. தம்பியிடம் அக்கா சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பத்தியை அப்படியே படிக்கக் கொடுங்கள்.

நெல்லில் இது இன்னும் மோசம். புகையான் பூச்சிக்கு அடிக்கும்போது தூரில் படும்படி நாசிலைத் தாழ்த்தி அடிக்க வேண்டும். அடித்த பயிருக்குள்ளேயேதான் அடுத்த அடி வைக்கவும் வேண்டும். முழங்காலிலிருந்து தொடை வரை இலை துடைத்துவிட்டுப் போகும். அதோடு டேங்க் மூடி சரியாக இறுகாமல் முதுகில் ஒழுகினால், பனியன் நனைந்து மதியம் வரை முதுகோடு ஒட்டியிருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வாளர்கள் ஒளிரும் சாயத்தைத் தண்ணீரில் கலந்து அடிக்கவிட்டு, பிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் நிறுத்திப் படம் எடுப்பார்கள். உங்கள் வீட்டில் அதற்கு ஒரு எளிய மாற்று உண்டு: சொட்டு நீலம். டேங்கை சோப்புப் போட்டுப் பலமுறை கழுவி, வெறும் தண்ணீரில் நீலத்தை நன்றாகக் கலக்குங்கள். மருந்து ஒரு சொட்டும் வேண்டாம். தம்பி பழைய வெள்ளைப் பனியனும் வெள்ளை பைஜாமாவும் போட்டுக்கொண்டு வழக்கமாக எப்படி அடிப்பாரோ அப்படியே ஒரு டேங்க் அடிக்கட்டும். தண்ணீர் ஊற்றி நிரப்புவதையும், நாசில் அடைத்தால் செய்வதையும் சேர்த்தே செய்யட்டும். முடிந்ததும் எங்கெங்கே நீலம் என்று பாருங்கள். முதுகில் இருந்தால் மூடியின் வாஷரை மாற்ற வேண்டும். வலது மணிக்கட்டில் திட்டாக இருந்தால் கைப்பிடியில் கசிவு. உதட்டுப் பக்கம் இருந்தால் அடைத்த நாசிலை வாயால் ஊதுகிறார் என்று அர்த்தம், அதற்குப் பிறகு எந்த அளவீடும் தேவையில்லை, முதலில் அதை நிறுத்துங்கள். நான் பத்து நிமிடம் பேசி விளக்குவதை ஒரு நீலத் திட்டு விளக்கிவிடும்.

கள ஆய்வில் இதையே எண்ணாக மாற்றுவார்கள். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துணிப்பட்டைகளை நெஞ்சு, முதுகு, கை, தொடை, கணுக்கால் மேல் ஒட்டி அடிக்க அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் கழற்றி, ஆய்வகத்தில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து என்று பார்ப்பார்கள். தொடைப் பட்டையில் ஒரு மணி நேரத்தில் 0.05 மில்லிகிராம் இருந்ததென்று வையுங்கள். இரண்டு தொடைகளின் பரப்பும் சேர்ந்து சுமார் 3,800 சதுர சென்டிமீட்டர், பட்டை 100. 38 ஆல் பெருக்கினால் தொடைக்கு மட்டும் மணிக்கு 1.9 மில்லிகிராம். இதில் ஒரு ஓட்டை உண்டு. பட்டைக்குப் பக்கத்தில் கொட்டினால் கணக்கில் வராது, பட்டையின் மேலேயே ஒரு பெரிய சொட்டு விழுந்தால் தொடை முழுக்க அப்படி நனைந்ததாகக் கணக்கு காட்டும். அதனால் பட்டைக்குப் பதிலாகப் பருத்தி உள்ளாடை முழுவதையும் அளக்கும் முறையும் வந்தது. இதையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டாம். ஒருவரைப் பற்றி வருகிற எண் எப்போதும் ஒரு மதிப்பீடுதான், வெப்பமானி வைத்துக் காய்ச்சல் பார்ப்பது போல ஒரே தடவையில் கிடைத்துவிடாது என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது அந்த நார்மல் ரிப்போர்ட். கோலினெஸ்டரேஸ் என்பது நரம்பு வேலைக்குத் தொடர்புள்ள ஒரு நொதி. குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ், அசிபேட் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளும், கார்போசல்பான் போன்ற கார்பமேட் மருந்துகளும் அதை முடக்கும். ஆகவே பரிசோதனை நல்லதுதான். ஆனால் ஆளுக்கு ஆள் அதன் இயல்பான அளவு மிகவும் வேறுபடும். ஒரு லேப்பில் நார்மல் என்பது 5,000 முதல் 12,000 வரை என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் சொந்த அளவு 10,000 ஆக இருந்து இப்போது 6,000 ஆகியிருந்தாலும் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் வரும். ஆனால் நாற்பது சதவீதம் விழுந்திருக்கிறது! கலிபோர்னியாவில் ரத்தப் பிளாஸ்மாவில் இந்த நொதி ஒருவரின் சொந்த அளவில் 60 சதவீதத்துக்கு இறங்கினால், அல்லது சிவப்பணுக்களில் இருப்பது 70 சதவீதத்துக்கு இறங்கினால், அவரை அந்த வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று விதி. 80 சதவீதத்துக்குக் கீழே வந்தாலே வேலை செய்கிற முறையைச் சரிபார்க்க வேண்டும்.

ஆகவே தம்பிக்குத் தேவை இரண்டு ரிப்போர்ட். ஒன்று, இந்த மருந்துகளைக் குறைந்தது 30 நாளாவது தொடாமல் இருந்தபின் எடுத்தது. நவரை, சொர்ணவாரி, சம்பா என்று பருவங்கள் அடுத்தடுத்து வருகிற நம் பக்கத்தில் அந்த இடைவெளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, தொடர்ந்து சில நாள் அடித்தபின். இரண்டையும் ஒரே லேப்பில், ஒரே முறையில் எடுங்கள். லேப் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. லாம்டா சைஹலோத்ரின், இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம், களைக்கொல்லிகள், இவையெல்லாம் இந்தப் பரிசோதனையில் தெரியவே தெரியாது. தம்பி இவற்றை அடித்திருந்தால் நார்மல் என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. சிறுநீரில் மருந்தின் சிதைவுப் பொருளைப் பார்க்கும் முறை இவற்றில் சிலவற்றுக்கு இருக்கிறது. ஆனால் அது சாதாரண லேப்பில் நடப்பதில்லை. மேலும் குளோர்பைரிபாஸின் சிதைவுப் பொருள் ஒரு நாளை ஒட்டிய நேரத்தில் பாதியாகிவிடும். திங்கட்கிழமை அடித்துவிட்டு சனிக்கிழமை சிறுநீர் கொடுத்தால் பெரும்பகுதி போயிருக்கும். நாம் சாப்பிடுகிற காய்கறியில் ஒட்டியிருப்பதும் அதில் கலந்து வரும்.

இந்தப் பரிசோதனைகளைவிட நான் அதிகம் நம்புவது ஒரு நாற்பது பக்க நோட்டை. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993இல் தொடங்கி, விவசாயிகளும் அவர்களின் மனைவிமாருமாக ஏறத்தாழ 89,000 பேரைப் பின்தொடரும் ஆய்வு ஒன்று நடக்கிறது. அத்தனை பேரின் உடம்பிலும் பட்டை ஒட்ட முடியுமா? கேள்வி கேட்டுத்தான் மதிப்பிட்டார்கள். நீங்களே கலக்குகிறீர்களா, எந்தக் கருவியால் அடிக்கிறீர்கள், கருவியை நீங்களே பழுது பார்க்கிறீர்களா, என்ன பாதுகாப்பு அணிகிறீர்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, அதை வருடத்தில் எத்தனை நாள், எத்தனை வருடம் என்பதால் பெருக்கினார்கள். அந்தக் கணக்கில் முதுகு டேங்குக்கு டிராக்டர் தெளிப்பானைவிட இரண்டு மடங்குக்கு மேல் மதிப்பெண். முதுகு டேங்க்காரரின் உடம்புதான் நாசிலுக்கு அருகில் இருக்கிறது.

அந்த விவசாயிகளுக்கு ஒரு வசதி இருந்தது. என்ன மருந்து அடித்தோம் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்களே வாங்கினார்கள். நம் ஊரில் நிலக்காரர் வாங்கி வைத்த இரண்டு பாட்டிலைக் கூலிக்காரர் ஒன்றாக ஊற்றுகிறார். பெயர் கேட்டால் "பச்சை மூடி மருந்து" என்பார். இந்த இடத்தில்தான் நம் மதிப்பீடு எல்லாம் நொண்டுகிறது. ஆகவே நோட்டில் முதல் வரி மருந்தின் பெயர். எழுதச் சோம்பலாக இருந்தால் லேபிளை போனில் படம் எடுத்தால் போதும். லேபிளில் சாய்சதுரமாக இருக்கும் வண்ணக் கட்டத்தின் கீழ்ப்பாதி சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பதையும் பாருங்கள். சிவப்புதான் மிகக் கொடியது, பிறகு மஞ்சள். ஆனால் அந்த நிறம் எலிகளில் உடனே கொல்லும் அளவைத்தான் சொல்கிறது, வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதன் கீழே அன்று எத்தனை டேங்க், யார் கலக்கினது, எங்கே நனைந்தது, எத்தனை மணிக்குக் குளித்தார், சாயங்காலம் என்ன செய்தது. இவ்வளவுதான். ஒரு பருவம் எழுதினால் தலைவலி எந்த மருந்து அடித்த நாளில் வருகிறது, கலக்கிய நாளில் மட்டும் வருகிறதா என்று உங்களுக்கே புலப்படும். மருத்துவரிடம் காட்டவும் அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

உங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கீரை பறிப்பவர் மருந்து அடிப்பதில்லை, ஆனால் இலையில் இருப்பது கைக்கு வருகிறது. மதிப்பிட மூன்று எண்களைப் பெருக்குவார்கள்: ஒரு சதுர சென்டிமீட்டர் இலையிலிருந்து துடைத்தால் வரக்கூடிய மருந்து, ஒரு மணி நேரத்தில் உடம்பு எவ்வளவு இலைப்பரப்பைத் துடைக்கிறது என்பது, எத்தனை மணி நேரம். அந்த நடு எண் ஐரோப்பிய வழிகாட்டியில் காய்கறி பறிப்பவருக்கு மணிக்கு 5,800 சதுர சென்டிமீட்டர். முழுக்கைச் சட்டையும் நீள ஆடையும் இருந்து கை மட்டும் வெறுமையாக இருந்தால் 2,500. கையுறையும் போட்டால் 580. பெரிய செலவில்லாத ரப்பர் கையுறை நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறக்குகிறது. புடவைக்கு மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வயல்களில் இருக்கிறதே, அது கணக்குப்படியும் சரியான வழக்கம். கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள். லேபிளில் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் போட்டிருக்கும். அதற்குள் பறிக்கச் சொன்னால் உங்கள் கைக்கும் ஆகாது, அந்தக் கீரையை வாங்கிச் சமைக்கிறவருக்கும் ஆகாது.

தம்பிக்கு உடனே செய்யக்கூடியவை: கலக்கும்போது உள்ளே துணி இல்லாத நைட்ரைல் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) கையுறை. துணிக் கையுறை மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதற்கு வெறுங்கையே மேல். கையுறையைக் கழற்றும் முன் அதோடேயே கையைக் கழுவ வேண்டும். மூடியில் அளக்காமல் அளவுக் குவளை, கிளற நீளக் குச்சி. அடிக்கும்போது லுங்கிக்குப் பதில் முழுக் காற்சட்டை, அதன்மேல் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒரு பிளாஸ்டிக் ஷீட். படத்தில் காட்டுகிற முழு உடை மே மாதச் சென்னை வெயிலில் ஆளையே சாய்த்துவிடும், அதை நான் சொல்ல மாட்டேன். காற்று பக்கவாட்டில் வருகிற மாதிரி நடந்து, அடித்த பக்கத்தை விட்டு விலகிப் போக வேண்டும். வயலிலேயே கையையும் காலையும் கழுவி, வீட்டுக்கு வந்ததும் குளியல். அந்தத் துணியை மற்றத் துணிகளோடு ஊறவைக்காதீர்கள், குழந்தைகள் துணியோடு நிச்சயமாக வேண்டாம்.

கையுறை, ஷீட் செலவை யார் கொடுப்பது என்று தம்பி கேட்பார். கொடுக்க வேண்டியவர் வேலை தருகிறவர்தான். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் தெளிக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு உடை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். இன்று மீஞ்சூரில், நாளை சோழவரத்தில் என்று டேங்க் சுமக்கிறவருக்கு முதலாளி யார் என்று மட்டும் அந்த விதி பார்க்கவில்லை. தனியாகக் கேட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தப் பக்கம் அடிக்கிற நாலைந்து பேர் சேர்ந்து, டேங்க் கூலியோடு கையுறைக்கும் சேர்த்துக் கேட்டால் நடக்க வாய்ப்பிருக்கிறது.

அடுத்த இடைவெளியில் முதல் ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். பருவம் முடிந்ததும் இரண்டு ரிப்போர்ட்டையும், நோட்டின் பக்கங்களையும், லேபிள் படங்களையும் அனுப்பினால், எந்த மருந்தை முதலில் நிறுத்த வேண்டும் என்று பெயரோடு எழுதுகிறேன்.